வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில் – பேசினில் கீறல் விழுந்தால்

கேள்வி (கோப்பாய்): குளியலறையில் வெள்ளை அக்கிறிலிக் பேசின் பூட்டி மூன்று வருடமாகிறது. உள்பக்கம் முழுக்க மயிர் போன்ற கோடுகள். தோட்டத்தால் வந்து கை கழுவுவதால் செம்பாட்டு மண் அதற்குள் ஏறி மண்ணிறமாகத் தெரிகிறது. இரண்டு இடத்தில் நகம் தடக்குகிறது. பேசினை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றத் தேவையில்லை. அக்கிறிலிக்கில் நிறம் மேற்பூச்சல்ல, தகடு முழுவதும் ஒரே நிறம். மேலே கொஞ்சம் தேய்த்து எடுத்தாலும் உள்ளே இருப்பதும் வெள்ளைதான்.

ஆனால் அது அக்கிறிலிக்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பைபர் (கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்துச் செய்த) பேசினையும் அக்கிறிலிக் என்று சொல்லி விற்பதுண்டு. அடியில் கண்ணாடி நார் தெரிவதை வைத்து முடிவெடுக்க முடியாது, இரண்டிலும் அது இருக்கும். தண்ணீர் வழிந்து போகும் மேல் துவாரத்தின் வெட்டு விளிம்பில் ரோச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் படை சில மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் அக்கிறிலிக். பெயின்ற் பூசியதுபோல் மெல்லிய தோலாக இருந்தால் அது பைபரின் ஜெல்கோற் என்னும் மேற்பூச்சு. ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான் இருக்கும், கீழே சொல்லும் முறையை அதில் செய்தால் நார் வெளியே வந்துவிடும்.

மண்ணிறக் கோடுகளில் பாதி கழுவினாலே மறையும். இரண்டு மேசைக்கரண்டி அப்பச் சோடாவைச் சிறிது தண்ணீரில் பசையாகக் குழைத்து, மெல்லிய பல்துலக்கியால் கீறலின் நீளவாக்கில் தேய்த்து நன்றாக அலசுங்கள். இதைச் செய்யாமல் தேய்க்கத் தொடங்கினால் கீறலுக்குள் கிடக்கும் மணலே புதுக் கீறல் போடும். செம்பாட்டு மண்ணில் உள்ள குவாட்ஸ் மணல் அக்கிறிலிக்கைவிட எவ்வளவோ கடினமானது. உங்கள் பேசினைக் கெடுத்ததும் பெரும்பாலும் அதுதான். மண் கையோடு பேசினில் தேய்க்காமல் வெளியே பைப்படியில் கழுவிவிட்டு வருவது நல்லது.

அடுத்து, வாகனப் பெயின்ற் விற்கும் கடையில் வோட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் மணல் தாள்; இலக்கம் கூடக் கூட மணல் நுணுக்கம்) வாங்குங்கள். 800, 1000, 1500, 2000 இலக்கங்களில் ஒவ்வொரு தாள் போதும். சாதாரண மரவேலைத் தாள் வேண்டாம், நனைந்தால் மணல் உதிரும். தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். அரை லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து துளி விட்டு, அதைத் தெளித்துத் தெளித்துத் தேய்க்க வேண்டும். தாளை வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் குழியும். பழைய இறப்பர்ச் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, அதில் தாளைச் சுற்றிப் பிடித்தால் பேசினின் வளைவுக்கு இசைந்து கொடுக்கும்.

நகம் தடக்காத கோடுகளுக்கு 1500இல் தொடங்கினாலே போதும். நகம் தடக்கும் இரண்டு இடத்துக்கு 800இல் தொடங்குங்கள். கீறலை மட்டும் தேய்க்காமல் சுற்றிலும் ஐந்து சென்ரிமீற்றர் வரை பரவலாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் பள்ளம் விழும். முதல் தாளை இடம் வலமாக ஓட்டினால் அடுத்ததை மேல் கீழாக ஓட்டுங்கள். முந்திய தாளின் கோடுகள் எல்லாம் மறைந்த பிறகுதான் அடுத்த இலக்கம். துடைத்து உலர்த்தி, ரோச்சைச் சாய்த்துப் பிடித்தால் மிச்சம் தெரியும். தாள் மாற்றும்போதெல்லாம் பேசினையும் இறப்பர்த் துண்டையும் கையையும் கழுவுங்கள். 800இன் ஒரு மணல் 2000க்குள் அகப்பட்டால் அவ்வளவும் வீண்.

அடிப்பக்க வளைவில் கை மெதுவாகப் போகட்டும். தகட்டைச் சூடாக்கி இழுத்துத்தான் பேசின் வடிவம் எடுக்கிறார்கள், அதனால் ஆழமான மூலைகளில் தடிப்பு குறைவு.

2000 முடிந்ததும் இடம் பால்போல் மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். வாகனத்துக்குப் பூசும் மென்மையான றபிங் கொம்பவுண்டில் (மினுக்கும் பசை) அரைத் தேக்கரண்டி எடுத்து, பழைய பருத்திச் சாரத் துண்டால் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் மினுக்கம் திரும்பும். பற்பசை (வெள்ளைப் பசை, ஜெல் அல்ல) மயிர்க்கோட்டுக்கு ஓரளவு உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி): ட்ரில்லில் பொலிஷ் சக்கரம் பூட்டி மினுக்கப் போய், பேசினில் அலையலையாக ஒரு தழும்பு வந்துவிட்டது. ஏன்?

பதில்: சூடு. அக்கிறிலிக் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் இளகும். வேகமாகச் சுற்றும் சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்தினால் அந்தச் சூடு சில நொடியில் வந்துவிடும். இளகிய பிளாஸ்ரிக் இழுபட்டு ஆறியதுதான் அந்த அலை. 800இலிருந்து திரும்பத் தேய்த்து வாருங்கள், பெரும்பாலும் போய்விடும். அடுத்த முறை மிகக் குறைந்த வேகம், ஈரமான துணிச் சக்கரம், ஓரிடத்தில் நிற்காத கை. ஒரு பேசினுக்கு மெசினே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மின் ட்ரில்லும் ஈரமும் சேர்வதும் நல்லதல்ல.

கேள்வி (சுன்னாகம்): பேசின் பைப்பின் அடியில் வெள்ளைக் கல் படிகிறது. பிளேட்டால் சுரண்டலாமா?

பதில்: சுரண்ட வேண்டாம், முதல் கேள்வியில் உள்ள கீறல்கள் உங்களுக்கும் வரும். சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் காயும்போது விட்டுச் செல்லும் கல்சியம் அது, அமிலத்தில் கரையும். வினாகிரியில் நனைத்த துணியை 20 நிமிடம் போர்த்திவிட்டு அலசுங்கள். தடித்த படிவுக்கு இரண்டு மூன்று முறை வேண்டியிருக்கும். தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும். மலசலகூடத்துக்கு ஊற்றும் கடும் அமிலம் வேண்டாம், பைப்பின் குரோம் பூச்சு கறுத்து உரியும். எந்த அமிலத்தையும் குளோரினோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி (பருத்தித்துறை): எங்களுடையது பீங்கான் பேசின். சாம்பல் நிறக் கோடுகள் இருக்கின்றன. வோட்டர் பேப்பர் போடலாமா?

பதில்: கூடாது. பளபளப்புப் போனால் திரும்பாது. அநேகமாக அவை கீறலும் அல்ல, வாளி விளிம்போ மோதிரமோ உரசி ஒட்டிய உலோகம். நகத்தால் தடவுங்கள், தடக்காவிட்டால் அப்பச் சோடாப் பசையால் பொறுமையாகத் தேய்த்தால் போகும்.

கேள்வி (மானிப்பாய்): பிளம்பர் எங்கள் அக்கிறிலிக் பேசினில் பீவீசி கம் (பைப் ஒட்டும் பசை) சிந்திவிட்டார். தின்னரால் துடைக்கலாமா? தண்ணீர் போகும் துவாரத்தைச் சுற்றி ஒரு வெடிப்பும் இருக்கிறது.

பதில்: தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் அக்கிறிலிக்கை இளக்கி, நுண்வெடிப்புகளையும் உண்டாக்கும். அந்தக் கம்மும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை பரவும். ஒரு நாள் முழுதாகக் காயவிட்டு, 800இலிருந்து தேய்த்து எடுங்கள்.

வெடிப்பு வேறு கதை. துவாரத்தில் பூட்டும் கப்ளிங்கின் (தண்ணீர் இறங்கும் குழாய்த் துண்டு) கீழ் நட்டை ஸ்பானரால் மிதமிஞ்சி இறுக்கினால் இப்படி வரும். சுப்பர் குளூ வெள்ளையாகப் பூத்துவிடும், உடையவும் செய்யும். மேலே எதைப் பூசினாலும் தண்ணீரின் பாரத்தில் திரும்பத் திறக்கும். கப்ளிங்கைக் கழற்றி, அடிப்பக்கத்தைக் காயவைத்துச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் இரண்டு படை ஒட்டுங்கள். படகுக்குப் பைபர் வேலை செய்பவர்களிடம் இரண்டும் கிடைக்கும். ரெசின் முழுவதும் இறுகிய பின், புது இறப்பர் வாசர் வைத்து நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் ஸ்பானரால் திருகுங்கள்.