இளவரசுப் பட்டமும் பகடையும்: ஒரு கடிதம், ஒரு பதில்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். இப்போது மென்பொருள் படிக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து சோழர் காலத்தை வைத்து ஒரு வியூகக் கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். ஆட்டம் 985இல், ராஜராஜன் அரியணை ஏறுவதிலிருந்து தொடங்குகிறது. மன்னர் இறந்தால் மூத்த மகன் அரசனாவான். மகன் இல்லையென்றால் கணினி பகடை உருட்டி உறவினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். தோட்டத்து நண்பர்களிடம் ஆடக் கொடுத்தபோது, மன்னர் இறந்ததுமே பலரும் முன்பு சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறந்து, மன்னர் உயிரோடு இருந்த கட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இத்தனை நேரம் ஆடியதெல்லாம் வீண் என்றார்கள். இதை எப்படிச் சீரமைப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாட்டை ஆண்டவருக்குத் தனக்குப் பின் ஆளப்போவது யார் என்பதில் எந்தப் பங்கும் இல்லையென்றால், அவர் பழைய சேமிப்பைத் திறக்காமல் வேறென்ன செய்வார்? உங்கள் ஆட்டத்தில் வாரிசுரிமை மன்னர் கண்மூடும் அந்த ஒரு நாளில் மட்டுமே நிகழ்கிறது. சோழர்களுக்கோ அது மன்னர் உயிரோடு இருக்கும்போதே ஆண்டுக்கணக்கில் செய்யப்பட்ட வேலை. ராஜராஜன் 1012இலேயே தன் மகன் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். தந்தை 1014 வரை ஆண்டபோதும், ராஜேந்திரனின் ஆட்சியாண்டுகள் 1012இலிருந்தே கல்வெட்டுகளில் எண்ணப்பட்டன. ராஜேந்திரன் 1018இல் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டியபின் 26 ஆண்டுகள் தந்தையின் ஆட்சியாண்டும் மகனின் ஆட்சியாண்டும் இணையாக ஓடின.

ஆகவே 'பட்டம் கட்டு' என்ற கட்டளையை உங்கள் ஆட்டத்தின் நடுவில் வையுங்கள். அதை அழுத்திய நாளிலிருந்து திரையின் மேற்புறத்தில் இரண்டு ஆட்சியாண்டுகள் ஓட வேண்டும். இளவரசன் பெயரில் ஒரு கோயிலில் கல்வெட்டு பொறிக்கப்பட்டால் அந்த நாட்டார் அவனை அறிவார்கள். அவன் தலைமையில் ஒரு படை வென்று திரும்பினால் அந்தப் படைத்தலைவர்கள் அவனுக்கு நெருக்கமாவார்கள். அந்த அளவுக்கு மன்னரின் பிடி தளரவும் வேண்டும். சீக்கிரமே பட்டம் கட்டினால் இளவரசனைச் சுற்றி ஓர் அணி சேரும். தள்ளிப்போட்டால் மன்னர் இறக்கும் நாளில் அவனை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார். மற்ற மகன்களுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும். ராஜேந்திரன் தன் மகன் ஒருவனை மதுரையில் 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு அமர்த்தினான். பாண்டிய நாட்டை ஆள்வதற்கும் குடும்பத்துக்குள் அமைதி காப்பதற்கும் அந்த ஒரே ஏற்பாடு உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

மூத்த மகன் என்ற விதியைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். 1054இல் சாளுக்கியரோடு நடந்த கொப்பம் போரில், யானை மேலிருந்து போரிட்ட ராஜாதிராஜன் கொல்லப்பட்டான். சோழப்படை கலைந்து ஓடத் தொடங்கியது. ஏற்கனவே பட்டம் பெற்றிருந்த தம்பி இரண்டாம் ராஜேந்திரன் படையைத் திருப்பி நிறுத்திப் போரை வென்று, அந்தக் களத்திலேயே முடிசூடினான். உங்கள் கணினி அந்த நேரத்தில் இறந்த மன்னரின் மகனைத் தேடிக்கொண்டிருக்கும்! படைவீரர்கள் தம்பியின் ஆணைக்கு நின்றார்கள் என்றால், அவனை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

பெண்வழி உரிமையை உங்கள் கடிதம் தொடவே இல்லை. ராஜராஜனின் மகள் குந்தவை, வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தாள். அவர்களின் மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவன்தான், 1070இல் அதிராஜேந்திரன் சிறிது காலமே ஆண்டு மறைந்தபின் சோழ அரியணையில் அமர்ந்த முதலாம் குலோத்துங்கன். எல்லைப்புற அமைதிக்காக ஆட்டக்காரர் செய்துவைத்த திருமணம் இரண்டு தலைமுறை கழித்து வாரிசாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு, மணமாகிப் போன மகள்களின் பிள்ளைகளையும் வம்சப் பட்டியலில் அழிக்காமல் வைத்திருங்கள்.

பகடைக்கு ஓர் இடம் உண்டு: மன்னர் எப்போது இறப்பார் என்பதில். யார் ஏற்கப்படுவார் என்பதை ஆட்டக்காரர் செய்ததும் செய்யத் தவறியதும்தான் தீர்மானிக்க வேண்டும். மன்னர் இறந்ததும் ஒரு திரையில் சிற்றரசர்கள், படைத்தலைவர்கள், அரண்மனைப் பெண்கள், பெருந்தனம் எனப்பட்ட உயர் அதிகாரிகள் ஒவ்வொருவரும் யார் பக்கம், எதனால் என்று காட்டுங்கள். பத்தாண்டுக்கு முன் தான் பறித்த ஒரு நிலம் இன்று எதிர்ப்பாக நிற்பதைக் காண்பவர் அதை அநியாயம் என்று சொல்லமாட்டார்.

அந்தத் திரையில் இளவரசன் அப்போது எங்கே இருக்கிறான் என்பதையும் சேருங்கள். இதற்குச் சான்று தேடித் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. நம் பேராக்கிலேயே இருக்கிறது. 1871இல் சுல்தான் அலி இறந்தபோது, முறைப்படி அடுத்து வர வேண்டிய ராஜா மூடா (பட்டத்து இளவரசர்) அப்துல்லா இறுதிச் சடங்குக்கு வரவில்லை. பெருமக்கள் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் இருந்த இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். அப்துல்லா தன் உரிமையை விடவில்லை. 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கையின் மூலம் பிரிட்டிஷார் அவரைச் சுல்தானாக ஏற்று, அதற்கு ஈடாக ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகர் ஒருவரை அமர்த்தினார்கள். மறு ஆண்டே அந்த ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்துல்லா சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். வெளியார் உதவியோடு அரியணை ஏறும் வழியை உங்கள் ஆட்டத்திலும் திறந்து வையுங்கள். அதன் விலையையும் முழுமையாக வசூலியுங்கள்.

தொடக்க ஆண்டாக 985 வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆண்டில் பெரிய சிக்கல் எல்லாம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 957இல், கண்டராதித்தர் மறையும் வேளையில் தொடங்குங்கள். அவர் மகன் உத்தமன் அப்போது சிறு குழந்தை. ஆட்சி தம்பி அரிஞ்சயனிடமும் பின்பு அவன் மகன் சுந்தர சோழனிடமும் போகிறது. வளர்ந்த உத்தமன் தன் உரிமையைக் கேட்கிறான்; சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான்; உத்தமன் அரசனாகிறான்; பின்னாளில் ராஜராஜனாகப்போகும் இளைய மகன் அருண்மொழி காத்திருக்கிறான். கொலையில் தொடர்புடையவர்களின் நிலங்களைப் பறிக்கும் ஆணை, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில்தான் உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறது. காலம் போகப் போக உரிமை தேயும் என்று கணக்கு எழுதியிருந்தால் அதை மாற்றுங்கள். குழந்தையின் உரிமை அவன் வளர வளர வலுப்பெற வேண்டும். குழந்தை உத்தமனை யாரிடம் வளர்க்கக் கொடுப்பது என்பதே ஆட்டக்காரர் எடுக்கும் முதல் முடிவாக இருக்கட்டும்.

அன்புடன்.