பன்னிரண்டு வருஷம் வெளியே என்ன செய்தீர்கள்?

கேள்வி: ஐரோப்பிய அரசியல் தலைவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சர்ச்சிலோ மெர்க்கலோதான் பதிலாக வருவார்கள். என் பதில் வில்லி பிராண்ட். மேற்கு ஜெர்மனியின் சான்சலராக (நம் ஊர்ப் பிரதமர் மாதிரி) நாலரை வருஷம்தான் இருந்தார், அதையும் பாதியில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். வார்சாவில் மண்டியிட்ட போட்டோவில் இருப்பவர் என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம். அந்தப் போட்டோவுக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒரு ரொட்டிக் கதை.

1913இல் லூபெக் நகரத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஹெர்பர்ட் ஃபிராம். அம்மா கடையில் விற்பனை வேலை பார்த்தவர், கல்யாணமாகாதவர். அப்பாவை அவர் கடைசிவரை பார்த்ததே இல்லை. வளர்த்தது லாரி ஓட்டிய தாத்தா. ஒரு சமயம் தாத்தா வேலை பார்த்த ஆலையில் தகராறு, வேலை இல்லை, வீட்டில் பசி. பேக்கரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனுக்கு, அந்த ஆலையின் இயக்குநர் ஒருவர் இரண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். பையன் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினான். தாத்தா திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார். போராட்டத்தில் இருப்பவன் முதலாளியிடம் தானம் வாங்கக் கூடாதாம். பையனும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தலைநிமிர்ந்து திரும்பி வந்தான். இது அவரே பிற்பாடு சொன்னது.

1933இல் ஹிட்லர் வந்ததும், பத்தொன்பது வயதில், மீன்பிடிப் படகில் ஒளிந்து டென்மார்க் போய், அங்கிருந்து நோர்வேக்குத் தப்பினார். தலைமறைவு வேலைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் வில்லி பிராண்ட். 1936இல் குன்னார் கோஸ்லாண்ட் என்ற நோர்வே மாணவன் பெயரில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு, நாஜிகளின் பெர்லினுக்குள்ளேயே போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வந்தார். மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1938இல் ஜெர்மனி அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1940இல் அதே ஜெர்மனி நோர்வேக்குள் நுழைந்தபோது, நோர்வே சிப்பாயின் சீருடையை மாட்டிக்கொண்டு போர்க்கைதியாகப் பிடிபட்டார். யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் சில வாரத்தில் அவர்களே விட்டுவிட்டார்கள். அப்புறம் ஸ்வீடன்.

போர் முடிந்து, நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையைப் பத்திரிகையாளராக இருந்து எழுதினார். நோர்வே அரசின் அதிகாரியாகப் பெர்லினுக்கு வந்தார். ராஜதந்திரியாக நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இடிந்து கிடந்த நாட்டின் குடியுரிமையை 1948இல் திரும்ப வாங்கினார். எனக்கு அவரிடம் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

ஊர் அவரை எப்படி வரவேற்றது? 1961 தேர்தல் நேரத்தில் பவேரியா மாநிலத்து அரசியல்வாதி ஸ்ட்ராஸ் மேடையில் கேட்டார்: பன்னிரண்டு வருஷம் வெளியே என்ன செய்தீர்கள்? நாங்கள் உள்ளே என்ன செய்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். இதைக் கொஞ்சம் நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். 1933 முதல் 1945 வரை உள்ளே என்ன நடந்தது என்பதை உலகமே அறியும், அதை ஒரு பெருமை போலச் சொல்லி, ஹிட்லரை எதிர்த்துத் தப்பி ஓடியவரைக் கூண்டில் நிறுத்துகிறார்கள்! அதே ஆண்டு ஆகஸ்ட் 13இல் பெர்லின் சுவர் எழும்ப ஆரம்பித்தது. மறுநாள், மேற்கு பெர்லின் மேயரான பிராண்ட் நகரத்துக் கொந்தளிப்பைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது, சான்சலர் ஆடெனாவர் பிரசாரக் கூட்டத்தில் அவரை 'பிராண்ட் என்கிற ஃபிராம்' என்றார். போலீஸ் குற்றப்பத்திரிகையில் எழுதுகிற அந்த 'என்கிற'தான். ஒரே சொல்லில் திருட்டுப் பெயரையும் தகப்பன் இல்லாததையும் சேர்த்துக் குத்திவிட்டார்.

சுவரைத் திட்டிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், சுவர் நகராது என்பது பிராண்டுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அவரும் அவருடைய ஆலோசகர் எகோன் பாரும் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியோடு பேச ஆரம்பித்தார்கள். 1963 கிறிஸ்துமஸுக்கு அனுமதிச்சீட்டு ஏற்பாடு வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் பார்க்க முடியாமல் கிழக்கு பெர்லினில் இருந்த உறவினர்களை மேற்கு பெர்லின்காரர்கள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டரை வாரத்தில் சுமார் 12 லட்சம் முறை ஆட்கள் சுவரைக் கடந்து போய்வந்தார்கள். கம்யூனிஸ்ட்டுகளுக்குக் கொடுத்த அங்கீகாரம் என்று ஒரு பக்கம் வசவு. பேரனைப் பார்த்த பாட்டிக்கு அதைப் பற்றி என்ன கவலை?

1969இல் சான்சலர் ஆனார். 1970 மார்ச்சில் கிழக்கு ஜெர்மனிப் பிரதமரைச் சந்திக்க எர்ஃபுர்ட் நகரத்துக்கு ரயிலில் போனார். விடுதிக்கு வெளியே கூட்டம் காவலை உடைத்துக்கொண்டு வந்து, வில்லி பிராண்ட் ஜன்னலுக்கு வா என்று கத்தியது. ஜன்னலுக்கு வந்தார். நம் ஊர்த் தலைவர் என்றால் இரண்டு கையையும் தூக்கியிருப்பார். இவர் அமைதியாக இருங்கள் என்கிற மாதிரி கையைத் தாழ்த்திக் காட்டினார். தான் மாலையே ரயிலேறிப் போய்விடுவோம், இந்த ஜனங்கள்தான் இங்கேயே இருந்து அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவரின் கை அது. மண்டியிட்ட படத்தைவிட எனக்கு இந்த ஜன்னல் படம் ஒரு படி மேல்.

சரி, வார்சா. 1970 டிசம்பர் 7. போலந்துடன் ஒப்பந்தம், அதற்கு முன்னால், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த குடியிருப்பில் அவர்களை எதிர்த்து எழுந்த வீரர்களின் நினைவுச்சின்னம். மலர்வளையம் வைத்தார்கள். முன்னால் போய் ரிப்பனைச் சரிசெய்தார், பின்னால் வந்தார், ஈரக் கல்லில் அப்படியே மண்டியிட்டார். எகோன் பார் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்ததால் பார்க்கவே இல்லை, 'மண்டியிட்டிருக்கிறார்' என்று யாரோ முணுமுணுத்ததைத்தான் கேட்டார். இரவில் விசாரித்தபோது, தலையை மட்டும் தாழ்த்தினால் போதாது என்று தோன்றியது என்றாராம். திரும்பி வந்தபோது ஜெர்மானியரில் 48 சதவீதம் இது மிகை என்றார்கள், 41 சதவீதம்தான் சரி என்றார்கள். அந்தக் கல்லில் மண்டியிட்டவர், மண்டியிடத் தேவையே இல்லாத ஒரு ஜெர்மானியர். உள்ளே இருந்தவர்கள் செய்ததற்கு, வெளியே இருந்தவர் முட்டி போட்டார். ஸ்ட்ராஸ் கேள்விக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் நம் ஊர்ச் செய்தி மாதிரியே இருக்கும். எம்.பி.க்கள் கட்சி தாவினார்கள். 1972 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் பார்சல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். வேண்டியது 249 ஓட்டு, விழுந்தது 247. ஆட்சி பிழைத்தது. எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு 50,000 மார்க் கொடுத்துக் குதிரை பேரம் நடத்தியது கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசி என்பது பிற்பாடு வெளியே வந்தது. பிராண்ட் நீடிப்பது அவர்களுக்கும் தேவைப்பட்டது.

அவரைக் கவிழ்த்ததும் அதே ஸ்டாசி. கூடவே இருந்த உதவியாளர் குந்தர் கியோம் அவர்கள் அனுப்பிய ஆள். 1973 மே மாதமே சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் ஆதாரம் கிடைக்கும்வரை ஒன்றும் தெரியாதது போல இருங்கள் என்று பாதுகாப்பு அதிகாரிகள் சொன்னார்கள். இவரும் கேட்டுக்கொண்டு, அந்தக் கோடையில் நோர்வேக்கு விடுமுறை போனபோது ஆளைக் கூட்டிக்கொண்டே போனார். அங்கே ரகசியத் தந்திகள் கியோம் கை வழியாகத்தான் வந்தன. ஏமாளித்தனம் என்றுதான் சொல்வேன். 1974 மே மாதம் பதவி விலகினார். மனச்சோர்வு வந்தால் நாள்கணக்கில் அறையை விட்டு வெளியே வரமாட்டார், குடியும் பெண் விவகாரமும் உண்டு, எல்லாம் அந்தச் சமயத்தில் கிளறப்பட்டன. அரசு வேலையில் தீவிரவாதக் கருத்துக்காரர்கள் சேரக் கூடாது என்று 1972இல் அவர் காலத்தில் வந்த ஆணை, இடதுசாரி ஆசிரியர்கள் பலரின் பிழைப்பைக் கெடுத்தது. தவறு செய்துவிட்டேன் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

1989இல் சுவர் திறந்த மறுநாள் பெர்லினில் நின்று பேச அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது. 1992 அக்டோபரில் இறந்தார். நகரத்தின் புது விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்து, 2011இல் திறக்க வேண்டியதை 2020 வரை இழுத்தடித்தார்கள் (ஜெர்மன் நேரந்தவறாமை பற்றி யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்). பெர்லினின் செலன்டோர்ஃப் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. சாதாரணக் கல்தான். அதில் வெட்டியிருக்கிற பெயர் வில்லி பிராண்ட், எந்த 'என்கிற'வும் இல்லாமல்.