பழைய பிரெஞ்சு வேட்டைத் துப்பாக்கிகளின் முத்திரைகள்: கேள்வி-பதில்

கேள்வி: குழல்களுக்கு நடுவிலுள்ள மேற்பட்டையில் பொறித்திருக்கும் பெயர், செய்தவருடையதா?

பதில்: பல நேரங்களில் அது விற்ற கடைக்காரரின் பெயர். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்த பின், முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்து அவற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குறுக்காக அமைந்த இரு ஓலைகளும் அவற்றின்மேல் கிரீடமும் இருந்தால், அது, குழல்களின் வலிமையைச் சோதிக்கும் பிரான்ஸின் சேந்த்-எத்தியென் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால், பிரெஞ்சுக் கடையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் குழல்கள் பெல்ஜியத்தின் லியேஜில் சோதிக்கப்பட்டவை. அந்த வளையத்தின்மேல் கிரீடம் இருந்தால் காலம் 1893-க்குப் பிந்தியது.

கேள்வி: பி.எஸ்.ஜி.டி.ஜி. என்பது எந்த நிறுவனம்?

பதில்: நிறுவனம் அன்று. காப்புரிமை உண்டு, ஆனால் அரசு அதற்கு உத்தரவாதம் அளிக்கவில்லை என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. 1844-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளின் தரத்தை ஆராயாமலே காப்புரிமை வழங்கப்பட்டதால், அதைக் குறிப்பிடுவோர் இவ்வாறு சொல்ல வேண்டியிருந்தது. 1968 வரை இவ்வழக்கம் நீடித்ததால், இதை வைத்து மட்டும் வயதைக் கணிக்க இயலாது.

கேள்வி: குழல்களின் பின்முனையில் மேற்புறமாகச் சிறு வெட்டு இருக்கிறதே?

பதில்: அது ஊசித் தோட்டாவுக்கானது. தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி அந்த வெட்டின் வழியே வெளியே தெரியும். துப்பாக்கியின் குதிரை எனப்படும் சுத்தி போன்ற உறுப்பு அந்த ஊசியின்மேல் விழுந்து தோட்டாவை வெடிக்கச் செய்யும். பாரிஸின் கசிமிர் லெஃபோஷே 1830-களில் உருவாக்கிய முறை இது.

கேள்வி: கிரீடத்தின் கீழ் பி.டி. என்று இருந்தால் இன்றைய தோட்டாக்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: அம்முத்திரை, டி வகைப் புகையில்லா வெடிமருந்தால் குழல்கள் சோதிக்கப்பட்டதைக் காட்டுகிறது, பழைய வகை வெடிமருந்தான கருமருந்தின் சோதனை மட்டுமே உள்ள துப்பாக்கியைவிட இது மேலான நிலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது சோதனை நாளன்று குழல்கள் இருந்த நிலைக்கே சான்று. பின்னாளில் துரு நீக்குவதற்காக உட்புறம் தேய்க்கப்பட்டிருந்தால் சுவர் மெலிந்திருக்கும். அடியில் 18.4 என்பதுபோல் பொறித்திருக்கும் எண் அன்றைய உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது; இன்றைய அளவு அதைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், சுவரின் கனத்தைத் தகுந்த கருவியால் அளக்காமல் ஒரு தோட்டாவும் சுடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. முத்திரையே இல்லாத துப்பாக்கியைப் போலி என்றும் தள்ளிவிடாதீர்கள். 1885-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரான்ஸில் நெடுங்காலம் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை.

கேள்வி: 12 போர் என்ற குழல் அளவுள்ள துப்பாக்கியில் 65 என்ற எண் எதைக் குறிக்கிறது?

பதில்: தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர் என்பதை. இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் இதற்குள் எளிதாக நுழைந்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தோட்டாவின் நீளம் சுட்டபின் விரிந்த நிலையில் கணக்கிடப்படுவதால், மடித்த வாய் திறக்கும்போது அது அறையைத் தாண்டி, குறுகும் பகுதிக்குள் நீண்டு, ரவைகளின் வழியை நெருக்கி, அழுத்தத்தை உயர்த்திவிடும். அறையை நீட்டித் தருவதாகச் சொல்லும் பட்டறைக்காரரிடம், சுவரில் எவ்வளவு கனம் மிஞ்சும் என்றும் வேலை முடிந்தபின் மறுசோதனை செய்யப்படுமா என்றும் முதலில் கேளுங்கள். 65 மில்லிமீட்டர் தோட்டாக்களை வாங்கிப் பயன்படுத்துவதே நான் பரிந்துரைக்கும் வழி.