இரு வகுப்பு மந்திரவாதியும் மூன்றாம் நிலை மந்திரமும்

கேள்வி: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் (2014 விதிகள்) என் கதாபாத்திரம் 4ஆம் நிலை கிளெரிக் (பூசாரி), 3ஆம் நிலை விஸார்ட் (மந்திரவாதி) என இரு வகுப்புகளை, அதாவது இரு தொழில்களை, உடையது. பல வகுப்புகளுக்கான அட்டவணைப்படி மூன்றாம், நான்காம் நிலை ஸ்லாட்டுகள் (அந்தந்த நிலை மந்திரத்தை ஏவும் வாய்ப்புகள்) கிடைக்கின்றன. தனக்கு ஸ்லாட் உள்ள நிலையின் மந்திரங்களை விஸார்ட் கற்கலாம் என்று விதி சொல்வதால், மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பாலைக் கற்கலாமா?

பதில்: கற்க இயலாது. குழப்பம் உங்களுடையதன்று, விஸார்ட் வகுப்புக்கான அந்த வாக்கியம் ஒற்றை வகுப்பு வீரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பல வகுப்புகளுக்கான பகுதியோ, எந்தெந்த மந்திரங்களைக் கற்கலாம், ஆயத்தம் செய்யலாம் என்பதை, அந்த ஒரு வகுப்பை மட்டுமே உடையவரைப் போலக் கருதி, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே கணக்கிடச் சொல்கிறது. குறிப்பான விதி பொது விதியை மீறும் என்பதால் பின்னதே செல்லும். 3ஆம் நிலை விஸார்டுக்கு இரண்டாம் நிலை மந்திரங்களே எல்லை; 4ஆம் நிலை கிளெரிக்குக்கும் அதே எல்லைதான்.

ஸ்லாட்டுகள் மட்டுமே கூட்டுக் கணக்கில் வருகின்றன: 4உம் 3உம் சேர்ந்து 7 ஆவதால், முதல் நிலைக்கு 4, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 3, நான்காம் நிலைக்கு 1 என ஸ்லாட்டுகள் அமைகின்றன. உயர்ந்த ஸ்லாட்டுகள் வீணாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். இரண்டாம் நிலை மந்திரமான ஸ்கார்ச்சிங் ரேயை நான்காம் நிலை ஸ்லாட்டில் ஏவினால், மூன்று கதிர்களுக்குப் பதில் ஐந்து கிடைக்கும். கான்ட்ரிப்களின் (ஸ்லாட் செலவின்றி ஏவும் எளிய மந்திரங்களின்) வலிமையோ கதாபாத்திரத்தின் மொத்த நிலையைப் பொறுத்தே வளர்கிறது.

ஆட்டத்தை நடத்தும் ஆட்டத் தலைவர் விரும்பினால் இந்த விதியைத் தளர்த்தலாம். ஆயினும் ஒரே நிலை விஸார்டாகி உயர்ந்த மந்திரங்களை அள்ள அது வழிவிடும் என்பதால், நான் பரிந்துரைக்க மாட்டேன்.