சேறு, தண்ணீர், பெரிய எஞ்சின்: ஏடிவி கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய எஞ்சின் ஏடிவி, அதாவது கரடுமுரடான தடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, வாங்குவதைப் பற்றியவை. அதனால் மற்ற வண்டிகளைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஐந்து ஆண்டுகளாக 400 சிசி ஏடிவி ஓட்டுகிறேன். காட்டுத்தடம், சேறு, முழங்கால் அளவு ஓடை என்று வாரத்தில் இரண்டு நாளாவது போய்விடுவேன். செங்குத்தான ஏற்றங்களில் வண்டி திணறுகிறது. 700 முதல் 1000 சிசிக்குள் ஒன்று வாங்க நினைக்கிறேன். அடிக்கடி பட்டறையில் போய் நிற்காத வண்டி எது? சுற்றி வளைக்காமல் ஒரே பெயராகச் சொல்லுங்கள்.

பதில்: யமஹா கிரிஸ்லி 700.

பெயர் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் உங்கள் ஊர்ப்பக்கம் அந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லையென்றால் இதே காரணங்களை வைத்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். சேற்றிலிருந்து என்னிடம் வந்தவற்றில் எஞ்சினே தேய்ந்துபோய் வந்தவை மிகக் குறைவு. பெல்ட் (எஞ்சின் விசையைச் சக்கரங்களின் பக்கம் கடத்தும் ரப்பர் பட்டை) எரிந்தது, சக்கர பேரிங் போனது, ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்தது, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது, டிஃபரென்ஷியலுக்குள் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) தண்ணீர் புகுந்தது என்று எஞ்சினைச் சுற்றியுள்ள சமாச்சாரங்கள்தான் வண்டியை நிறுத்துகின்றன. சிசி கூடக்கூட இவற்றின் மேல் விழும் பாரமும் கூடுகிறது. 1000 சிசி வண்டி வைத்திருப்பவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தியே சேற்றைக் கடந்து பழகிவிடுகிறார். அந்த வேகத்தில் பிடி கிடைக்காமல் சுழலும் சக்கரம் திடீரென ஒரு வேரில் போய்ப் பிடித்தால், அத்தனை விசையும் ஆக்சில் மூட்டில் இறங்கும். உடையாமல் என்ன செய்யும்?

கிரிஸ்லியில் 686 சிசி ஒற்றைச் சிலிண்டர். உங்கள் 400இலிருந்து மாறும்போது ஏற்றத்தில் வித்தியாசம் முதல் நாளே தெரியும். எனக்கு அந்த வண்டியில் பிடித்தது அதன் பெல்ட் அமைப்பு. பல ஏடிவிகளில் பெல்ட்டே கிளட்ச் வேலையையும் பார்க்கிறது. வண்டி நிற்கும்போது பெல்ட் தளர்ந்து கிடக்கும். கிளம்பும்போது புல்லி, அதாவது பெல்ட் ஓடும் உருளை, அதைக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கவ்வலின்போதுதான் வழுக்கலும் சூடும். யமஹாவில் எண்ணெயில் நனைந்த தனிக் கிளட்ச் ஒன்று அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே நிற்கிறது. சேற்றுக்குள் நின்று நின்று கிளம்புகிறவருக்கு இது பெரிய காரியம். இறக்கத்தில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் பிரேக் கிடைப்பது இன்னொரு நன்மை. பவர் ஸ்டீயரிங் இந்த வகை வண்டிகளுக்கு முதன்முதலில் வந்ததும் 2007 கிரிஸ்லியில்தான்.

அதற்காக இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைக் குறை சொல்லவில்லை. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 850, கேன்-ஆம் அவுட்லேண்டர் 850 இரண்டும் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் தருபவை. பின்னால் டிரெய்லர் இழுக்க வேண்டும், உடல் எடை அதிகம், பரந்த சேற்று வெளியில்தான் பெரும்பாலும் ஓட்டம் என்றால் அந்தப் பலம் வீணாகாது. சேறுதான் உங்கள் முழு வேலை என்றால் அவுட்லேண்டரின் எக்ஸ் எம்ஆர் வகையைப் பாருங்கள். காற்று உறிஞ்சும் குழாய்களும் ரேடியேட்டரும் மேலே தூக்கி வைக்கப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ஊரில் ஒருவர் குழாய் வெட்டி ஒட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பழைய கவாசாகி புரூட் ஃபோர்ஸ் 750இல் பின் பிரேக் எண்ணெயில் மூழ்கிய மூடிய அறைக்குள் இருக்கும். சேற்றில் பிரேக் பேட் மணலாய்த் தேய்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாக ஒன்று. எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாலும் விற்பவரிடம் போய் ஒரு பெல்ட், ஒரு ஆக்சில் பூட், ஒரு ஏர் ஃபில்டர் அன்றைக்கே வேண்டும் என்று கேளுங்கள். மூன்றும் அலமாரியிலிருந்து வந்தால் வாங்கலாம். "ஆர்டர் போட்டால் வரும்" என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: பெல்ட் வண்டி தண்ணீருக்கு ஆகாது, கியர் வண்டிதான் வாங்க வேண்டும் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பெல்ட் நனைந்தால் வழுக்கும். கியருக்கு அந்தக் கவலை இல்லை. ஹோண்டா ரூபிகானும் ரின்கனும் பெல்ட்டே இல்லாதவை. ரூபிகானில் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர். ரின்கனில் தானியங்கி காரில் இருப்பதுபோல் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். ஆனால் ரூபிகானின் எஞ்சின் 518 சிசிதான். ரின்கன் 675 சிசி என்றாலும் அதில் லோ கியர் கிடையாது. மெதுவாக ஊர்ந்து ஏற வேண்டிய பாறைத் தடங்களில் அந்தக் குறை நன்றாகவே உறைக்கும். பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிம்மதியை வாங்கத் தயார் என்றால் ரூபிகான் அருமையான வண்டி. நான் மனமாரச் சொல்வேன்.

பெல்ட் வண்டிதான் என்றாலும் பயந்து ஓட வேண்டியதில்லை. எரிந்த பெல்ட் என்று என் மேசைக்கு வருபவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே ஓட்டியவரின் பழக்கம் தெரிந்துவிடும். மூடியைக் கழற்றியதும் முகத்தில் அடிக்கும் கருகிய ரப்பர் நாற்றம். பெல்ட்டின் பக்கவாட்டில் கண்ணாடிபோல் பளபளப்பு. ஓரிடத்தில் மட்டும் இடுப்பு சிறுத்ததுபோல் ஒடுங்கியிருக்கும். வண்டி அசையாமல் சிக்கிக்கொண்டிருக்க, உரியவர் ஹை கியரிலேயே ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்திருக்கிறார். புல்லி சுற்றிச் சுற்றி அந்த ஒரே இடத்தைச் சுட்டுத் தின்றிருக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுவதாக இருந்தால், சேறாக இருந்தால், செங்குத்தாக இருந்தால் லோ கியருக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பெல்ட்டின் ஆயுளைக் கூட்டுவதுபோல் வேறெதுவும் கூட்டாது.

தண்ணீர் புகுந்து வழுக்கினால் வண்டியை நிறுத்தி, பெல்ட் மூடியின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைத் திறந்து வடிய விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்துச் சில வினாடிகள் எஞ்சினை உறுமவிட்டு அடக்குங்கள். நாலைந்து முறை செய்தால் காற்றோட்டத்திலேயே காய்ந்துவிடும். அதன்பின் லோ கியரில் மெல்லக் கிளப்பி, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: எவ்வளவு ஆழம் வரை தண்ணீரில் இறக்கலாம்? காணொளிகளில் ஹேண்டில்பார் வரை முழுகிப் போகிறார்களே?

பதில்: கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. உங்கள் வண்டியின் கையேட்டில் அதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதுதான் எல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடையைக் கடந்தேன். கரையிலிருந்து பார்க்கையில் முழங்கால் ஆழம்தான். நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. முன்சக்கரம் அதில் இறங்கிய மாத்திரத்தில் பின்பக்கம் லேசாகிப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. இந்தப் பெரிய டயர்கள் காற்று நிரம்பிய மிதவைகள். 300 கிலோவைத் தாண்டும் வண்டியையும் நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் அணைந்தது. பதற்றத்தில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் வளைவது ராடுதான். பொத்தானைத் தொடாமல் இருந்திருந்தால் ஒரு நாள் வேலையோடு போயிருக்கும்.

ஆகவே தண்ணீரில் அணைந்த வண்டியை அங்கேயே கிளப்பாதீர்கள். கரைக்கு இழுங்கள். ஏர் பாக்ஸைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினைச் சுழற்றுங்கள், உள்ளே நிற்பது அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் வடித்துப் புதிது ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் மாற்றுங்கள். வெளுப்பு போகும்வரை, மூன்று முறையானாலும் சரி, மாற்றத்தான் வேண்டும். டிஃபரென்ஷியல் ஆயிலையும் மறக்காதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று பிரீதர் குழாய். டிஃபரென்ஷியலிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் மேலே ஏறி ஹேண்டில்பார் அருகிலோ முன் மூடிக்குள்ளோ முடியும். சூடாக ஓடிய டிஃபரென்ஷியல் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். குழாய் சரியாக இருந்தால் மேலிருந்து காற்றை இழுக்கும். அது அடைத்தோ கழன்றோ இருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிக்கொண்டே நுனிவரை போங்கள்.

கேள்வி: 30 அங்குல சேற்று டயர் போட்டால் எங்கும் சிக்காதாமே?

பதில்: சிக்குவது குறையும், உடைவது கூடும். டயர் பெரிதாக ஆக, கியர் விகிதமே உயர்ந்ததுபோல் ஆகி பெல்ட் சூடேறும், ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் பாரம் ஏறும். புல்லியில் உரிய மாற்றங்கள் செய்யாமல் தொழிற்சாலை அளவிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். காற்றழுத்தத்தைக் கையேட்டில் சொன்னபடி வைத்தாலே, பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐதான் இருக்கும், பிடிப்பு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. ஏடிவிக்கென்று விற்கும் குறைந்த அழுத்த மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். மிச்சப் பணத்துக்குச் சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் நல்ல வின்ச்.

கேள்வி: ஆறு வருடப் பழைய 850 சிசி வண்டி ஒன்று வருகிறது. பளபளவென்று கழுவி வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்தக் கழுவலுக்குள் ஒளிந்திருப்பதைப் பாருங்கள். இருக்கையைத் தூக்கி ஏர் பாக்ஸ் மூடியைத் திறங்கள். ஃபில்டருக்கு உட்புறம், சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய பக்கத்தில், விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மண் ஒட்டினால் எஞ்சின் மண்ணைக் குடித்திருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அங்கே நீர் நின்ற கோடு தெரிந்தால் வண்டி முழுகியிருக்கிறது.

அடுத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'கடக் கடக்' என்றால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போய்விட்டது. ஆக்சில் பூட்டின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கிழிசல் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். முன், பின் டிஃபரென்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். கிலோமீட்டரோடு எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் மீட்டரில் பாருங்கள். கிலோமீட்டர் குறைவாகவும் மணி நேரம் மிக அதிகமாகவும் இருந்தால் அது சேற்றில் நின்று உறுமிய வண்டியாக இருக்கலாம். பெல்ட் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு நீங்கள் கழுவும்போது பிரஷர் தண்ணீரை பேரிங் பக்கமும் ரேடியேட்டர் பக்கமும் திருப்பாதீர்கள். ரேடியேட்டருக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், பின்புறமிருந்து முன்னோக்கி. முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நல்ல உயரம். என் 700 சிசி வண்டியை ஓட்டக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பெரிய ஏடிவிகளை 16 வயதுக்குக் கீழ் ஓட்டக் கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போவதும் வேண்டாம். அந்த நீளமான இருக்கை ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக வைத்தது.

கேள்வி: நான் 50 கிலோ எடையுள்ள பெண். இவ்வளவு கனமான வண்டியை என்னால் அடக்க முடியுமா என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

பதில்: முடியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை மட்டும் வாங்காதீர்கள். கல்லில் முன்சக்கரம் மோதும்போது ஹேண்டில்பார் கையை முறுக்குவதை அதுதான் தாங்கிக்கொள்ளும். ஏற்றத்தில் முன்னால் சாய்வது, சரிவைக் குறுக்கே கடக்கும்போது மேட்டுப் பக்கம் உடலைக் கொண்டுபோவது, இவற்றைச் சமதரையில் வண்டியை நிறுத்தி வைத்தே பழகுங்கள். 70 கிலோ ஆளைவிட உங்கள் உடல் அசைவுக்கு வண்டி குறைவாகவே பதில் சொல்லும். அதனால் குறுக்குச் சரிவைத் தவிர்த்து நேராக ஏறி நேராக இறங்கும் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். கவிழத் தொடங்கினால் வண்டியைத் தாங்கிப் பிடிக்க முயலவே வேண்டாம், மேட்டுப் பக்கமாகக் குதித்து விலகிவிடுங்கள். ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் இல்லாமல் ஒரு நாளும் ஏறாதீர்கள். வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், அதில் பாதி நேரம் லோ கியரில் இருக்கட்டும்.