டெல்லிக் கையேட்டுக்கு ஒரு மஞ்சள் கோடு போதும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, நம் தலைநகரைப் பற்றி மாணவர்களுக்கான சுற்றுலாக் கையேடு தயாரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏ4 தாளை மூன்றாக மடித்துச் செய்ய வேண்டுமாம். நெட்டில் எடுத்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். இடமும் போதவில்லை, பார்க்கப் பாடப்புத்தகம் மாதிரியும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒட்டியதில் முக்கால்வாசியை எடுத்துவிடச் சொல்லுங்கள். பரப்பளவு, மக்கள்தொகை எல்லாம் கட்டுரைக்குப் போகட்டும். இந்தக் கையேட்டைப் பிரிக்கப் போவது, டெல்லியில் ரயிலை விட்டு இறங்கி ‘இப்போது எங்கே போவது?’ என்று நிற்கும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைத் திட்டமிட்டுக் கொடுத்தால் போதும்.

இதற்கு டெல்லி மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் நன்றாகக் கைகொடுக்கும். உள்பக்கம் மூன்று பகுதிகளுக்கும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு வரைந்து, நிலையங்களைப் புள்ளியாக வைக்கலாம். சாந்தினி சௌக்கில் இறங்கினால் 1648-ல் ஷாஜகான் கட்டி முடித்த செங்கோட்டை. படேல் சௌக்கில் இறங்கினால் பழைய வானியல் ஆய்வுக்கூடமான ஜந்தர் மந்தர். சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் இறங்கினால் கடமைப் பாதையும் (முன்பு ராஜ்பாத்) இந்தியா கேட்டும். பசித்தால் ஐஎன்ஏ நிலையத்தை ஒட்டி டில்லி ஹாட் சந்தை. பல மாநிலச் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைக்கும். கடைசியாகக் குதுப் மினார். அந்த நிலையத்திலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும், அதையும் எழுதச் சொல்லுங்கள். காலை முதல் மாலை வரை வழித்தடம் மாறவே வேண்டாம்!

ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டே வரி. ‘குதுப் மினார் உலகப் புகழ்பெற்றது’ என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘சுமார் 73 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்க்கலாம், உள்ளே ஏற அனுமதி இல்லை. பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணுக்கு வயது ஏறத்தாழ 1600, துருவைத் தேடிப் பாருங்கள்’ என்று எழுதினால் கால் தானாக அங்கே போகும். செங்கோட்டைக்கு எனக்குப் பிடித்த தகவல் ஒன்று: 1947-ல் நேரு அங்கே முதன்முதலாகக் கொடியேற்றியது ஆகஸ்ட் 16 அன்று. பெரியவர்களே பலர் 15 என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம், பயணிக்கு மிக உதவும் குறிப்புகளை ஒரு கட்டத்துக்குள் பளிச்சென்று போடுங்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் தாமதமாகலாம்.

சரி, மடிப்புக்கு வருவோம். பலரும் சறுக்குவது இங்கேதான். தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். மூன்றையும் சமமாகப் பிரித்தால் உள்ளே மடியும் பகுதி இடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு 97, மற்ற இரண்டுக்கும் தலா 100 வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் படுக்கை வாக்கில் வைத்தால், வெளிப்பக்கத்தில் வலது ஓரம்தான் அட்டை, நடுவில் பின்னட்டை, இடது ஓரத்தில் அந்த 97. திருப்பினால் 97 வலது ஓரத்துக்கு வந்துவிடும்.

கணினியில் தட்டுவதற்கு முன் வெறும் தாள் ஒன்றை இப்படி மடித்து, ஆறு பகுதியிலும் என்ன வரும் என்று பென்சிலால் எழுதிப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் அச்சடிக்கும்போது ‘ஷார்ட் எட்ஜ்’ என்ற தேர்வைப் போடச் சொல்லுங்கள். மாற்றிப் போட்டால் உள்பக்கம் தலைகீழாக வந்துவிடும்.