பாட் ரேட் சரி, ஆனாலும் டேட்டா லாகரில் குப்பை எழுத்து வருவது ஏன்?

சென்சார், டேட்டா லாகர் (அளவீடுகளைப் பதியும் கருவி) இரண்டு பக்கமும் பாட் ரேட், அதாவது தரவு அனுப்பும் வேகம், 9600 தான், கம்பியும் சரி, ஆனாலும் லாகரில் புரியாத எழுத்துகள் என்கிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது மின்னழுத்த மட்டத்தைத்தான். சென்சார் எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அதன் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

மைனஸ் 5, மைனஸ் 9 வோல்ட் என்று காட்டினால் அது ஆர்எஸ்-232. பிளஸ் 3.3 அல்லது 5 என்றால் டிடிஎல். இவை இரண்டும் தரவு அனுப்பும் வெவ்வேறு மின்னழுத்த முறைகள். 0-க்குப் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் ஆர்எக்ஸ் (தரவு பெறும்) கம்பியைப் பிடித்திருப்பீர்கள், அடிக்கடி நடப்பதுதான். டிடிஎல்லில் பிட் 1 என்பது உயர்ந்த மின்னழுத்தம், ஆர்எஸ்-232-இல் அதே 1 மைனஸ் பக்கம். இப்படித் தலைகீழாக இருப்பதால் நேராக இணைத்தால் சில லாகர்கள் பிட்டுகளைப் புரட்டிப் படித்து, ஏதோ வருகிற மாதிரி காட்டி நம்மை ஏமாற்றும்.

நடுவில், மின்னழுத்த மட்டத்தை மாற்றும் ஒரு மேக்ஸ்3232 சிப் போதும். இது 3.3 வோல்ட்டிலும் ஓடும், பழைய மேக்ஸ்232-க்கு 5 வேண்டும். ஆர்எஸ்-232 கம்பியை மட்டும் நேராக 3.3 வோல்ட் பின்னில் செருகிவிடாதீர்கள், நான் ஒரு போர்டை அப்படித்தான் எரித்தேன். அப்புறம், இரண்டின் கிரவுண்டும் இணைந்திருக்கிறதா?